நார்வே மலைக்குடிலில் தங்க: முதலில் அடுப்பைப் பழகுங்கள்

நார்வே மலையேற்றச் சங்கமான டிஎன்டி (தொடக்கம் 1868) நடத்தும் ஆளில்லாக் குடில்களில் வரவேற்க யாரும் இருக்கமாட்டார்கள். உறுப்பினராகி, இக்குடில்களுக்குப் பொதுவான சாவியை முன்பே வாங்கிவிடுங்கள். கம்பளியும் தலையணையும் அங்கேயே உண்டு. உள்விரிப்புப் பை (உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய துணிப்பை) மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

நுழைந்ததும் விறகடுப்பு. புகைபோக்கித் தகட்டையும் காற்றுத் துவாரத்தையும் முழுதாகத் திறந்து, இரண்டு விறகின்மேல் சுள்ளிகளைக் குறுக்காக அடுக்கி, உச்சியில் தீ வையுங்கள். மேலிருந்து எரிந்தால் புகை குறையும். அப்படியும் புகை அறைக்குள் திரும்பினால், குழாயில் குளிர்காற்று தேங்கியிருக்கிறது. காகிதத்தைச் சுருட்டி அடுப்பின் மேல்பகுதியில் கொளுத்திக் குழாயைச் சூடேற்றுங்கள். கனல் இருக்கும்வரை தகட்டை மூடவே கூடாது. மூடினால் அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. சாம்பல் உலோக வாளிக்குத்தான், மரப்பெட்டிக்கு அல்ல.

தண்ணீர் ஓடையில், குளிர்காலத்தில் பனியை உருக்க வேண்டும். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் நீர் ஊற்றுங்கள், இல்லையேல் அடிப்பிடித்து வாடை வரும்.

கிளம்புமுன் கூட்டிப் பெருக்கி, விறகு பிளந்து வைத்து, வாளிகளைக் காலிசெய்து கவிழ்த்துவிடுங்கள். நீர் உறைந்தால் வாளி விரிசல்விடும். பதிவேட்டில் பெயரெழுதி, கட்டணத்தை நீங்களாகவே செலுத்த வேண்டும். கேட்க ஆள் வரமாட்டார்.