கரூவில் கல்யாணம்: வருகிறவர்கள் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கரூ மேட்டுநிலத்தில், கிராஃப்-ரெனெட் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் நடக்கப்போகிறது. டர்பன் சொந்தங்களும் சென்னையிலிருந்து வருகிறவர்களும் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பொட்டல்காட்டில் பார்க்க என்ன இருக்கு?" நிறைய இருக்கிறது. ஆனால் இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று கேப் டவுனையும் குரூகர் காட்டையும் இதே பயணத்தில் சேர்த்தால் பாதி விடுமுறை காரிலேயே கழிந்துவிடும், கேப் டவுனே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். முகூர்த்தத்துக்கு முன்னே ஒரு நாள், பின்னே இரண்டு நாள் ஒதுக்கி, கிராஃப்-ரெனெட்டிலேயே தங்கி, சுற்றியுள்ளதை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

விமானம் கெபெர்ஹா வரை, அதாவது பழைய போர்ட் எலிசபெத். அங்கிருந்து வாடகைக் காரில் வடக்கே சுமார் 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இந்தியா மாதிரியே இடதுபக்க ஓட்டம், சாலையும் நல்ல சாலை. கோயிலுக்குப் போகாமல் பயணம் தொடங்க மாட்டேன் என்கிற ஆயாவோ அத்தையோ கூட இருந்தால் கெபெர்ஹாவின் மலபார் பகுதியில் முருகன் கோயில் உண்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் ஊர்கள் குறைவு. இன்னொன்று, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: பொழுது சாயும் முன் ஊர் சேர்ந்துவிட வேண்டும். இருட்டுகிற நேரத்தில் குடூ மான்கள் சாலையில் பாயும், ஒவ்வொன்றும் மாட்டு உயரம், வேலியையும் தாண்டும், மோதினால் கார் நொறுங்கிவிடும்.

ஒரே ஒரு இடம் பார்க்கத்தான் நேரம் என்றால் வேலி ஆஃப் டெசலேஷன். ஊரைச் சுற்றியே இருக்கிற கேம்டபூ தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலேறி, மண்ணடுக்குகளுக்கு நடுவே புகுந்து இறுகிப்போனது. பிறகு மழையும் காற்றும் மிருதுவான பாறையை எல்லாம் அரித்துக்கொண்டு போக, கடினமான டாலரைட் மட்டும் தூண் தூணாக மிச்சம் நிற்கிறது, சில தூண்கள் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 120 மீட்டர் உயரம். அவற்றுக்கு இடையே பார்த்தால் கரூ சமவெளி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வீடுகூட இல்லாமல் கிடக்கும். கார் மேலே வரை போகும், அங்கிருந்து கொஞ்ச தூரம் கல் பாதை. தாத்தா, ஆயாக்களைக் கைபிடித்து மெதுவாகக் கூட்டிப் போகலாம், ஆனால் விளிம்பு விளிம்புதான், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கால் நன்றாக இருக்கிறவர்கள் பல்லியின் பெயர் வைத்த ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடக்கலாம். நம் முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடுவதால் அன்று மாலையே போக நினைப்பீர்கள். சரிதான், சூரியன் சாய்கிற நேரத்தில்தான் பாறைகள் செம்பு நிறத்துக்கு மாறும். பட்டுப்புடவையை மட்டும் மாற்றிவிட்டுப் போங்கள், மேலே காற்று சும்மா விடாது. வாசல் எப்போது பூட்டுவார்கள் என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு அரை நாள் போதும், நடந்தே பார்க்கலாம். 1786இல் உருவான ஊர், நாட்டின் மிகப் பழைய ஊர்களில் நான்காவது. வெள்ளையடித்த டச்சு பாணி வீடுகள், இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய பெரிய தேவாலயம், ரெனெட் ஹவுஸ் அருங்காட்சியகம் என்று எல்லாரும் படம் எடுக்கிறதை நீங்களும் எடுப்பீர்கள். அதோடு நிற்காமல் ராபர்ட் சொபுக்வே கல்லறைக்கும் போங்கள். 1924இல் இங்கே பிறந்தவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்த பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ் கட்சியின் முதல் தலைவர், கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த 'பாஸ்' என்கிற அனுமதிச் சீட்டை எதிர்த்து 1960 மார்ச் 21 போராட்டத்தை நடத்தியவர். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் இருக்க அவருக்காகவே ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்து ராபன் தீவில் தனி வீட்டில் அடைத்து வைத்தார்கள். 1978இல் இறந்ததும் சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். மண்டேலாவைத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது.

மறுநாள் நியூ பெதெஸ்டா. வடக்கே சுமார் 50 கிலோமீட்டர், மலைக்கு நடுவே ஒரு சின்ன கிராமம். ஏடிஎம், பெட்ரோல் பங்க் எதையும் எதிர்பார்க்காதீர்கள், ரொக்கமாக ராண்டு வைத்திருங்கள். இங்கே ஆந்தை வீடு என்று ஒன்று இருக்கிறது. ஹெலன் மார்ட்டின்ஸ் என்கிற பெண்மணி பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தவர், வீட்டுச் சுவர் முழுக்கக் கண்ணாடித் தூளை ஒட்டி, விளக்கேற்றினால் மின்னும்படி செய்தார். அப்புறம் கூஸ் மால்காஸ் போன்ற உதவியாளர்களோடு முற்றம் நிறைய ஆந்தை, ஒட்டகம், கிழக்கு நோக்கி நடக்கும் மனிதர்கள் என்று சிமெண்ட் சிலைகள். அந்தக் கண்ணாடித் தூளே அவர் கண்ணைக் கெடுத்தது. ஊர்க்காரர்கள் அவரைக் கிறுக்கு என்றுதான் ஒதுக்கினார்கள், இன்று அந்த ஊருக்கு ஆள் வருவதே அவரால்தான். சிலருக்கு அந்த இடம் மனதைக் கனக்கச் செய்யும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பக்கத்திலேயே கிட்சிங் புதைபடிவ மையம், டைனோசர்களுக்கும் முந்தைய விலங்குகளைக் காட்டுவார்கள்.

முடிந்தால் அன்று இரவு அங்கேயே தங்குங்கள். தெருவிளக்கு கிடையாது. தை, மாசியில் வந்தால், சென்னையில் தென்வானத்தில் தாழ்வாகத் தெரிகிற அகத்திய நட்சத்திரம் இங்கே தலைக்கு மேல் ஏறி நிற்கும். நட்சத்திரம் என்றதும் சதர்லாந்தின் பெரிய தொலைநோக்கியை யாராவது சொல்வார்கள். 91 அறுகோணக் கண்ணாடிகள் சேர்ந்தது, புனேயின் ஐயூகா வானியல் ஆய்வு நிலையமும் அதில் பங்காளி, பெருமைதான். ஆனால் அது கரூவின் மறுகோடியில் இருக்கிறது, இந்தப் பயணத்தில் வேண்டாம்.

மிருகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு கிரடாக் அருகே மலை வரிக்குதிரைப் பூங்கா, அந்த இனத்தை அழிவிலிருந்து காக்க 1937இல் தொடங்கியது. சாதாரண வரிக்குதிரைக்கு வயிறு வரை கோடு ஓடும், மலை வரிக்குதிரைக்கு வயிறு வெள்ளை.

சாப்பாடு என்றால் இங்கே செம்மறிக் கறிதான். சைவக்காரர்கள், புரட்டாசி விரதம் இருப்பவர்கள் தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டர்பனில் இருந்து வருகிறவர்கள் ஊறுகாயும் மசாலாவும் எடுத்து வந்தால் எல்லாருக்கும் புண்ணியம். வைகாசி, ஆனி முகூர்த்தம் என்றால் இங்கே குளிர்காலம், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், வேட்டிக்குள் ஒரு கதகதப்பான உள்ளாடை போடுவதில் வெட்கமே இல்லை. குளிருக்கு மோஹேர் சால்வை வாங்கலாம், அங்கோரா ஆட்டு ரோமம், உலகத்துக்கே பெருமளவு இந்தப் பக்கத்தில் இருந்துதான் போகிறது. வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள், சனி மதியத்துக்கு மேல் சின்ன ஊர்களில் பாதிக் கடை திறந்திருக்காது.