ஒழுகுது சார் என்று போனில் சொன்னால் போதாது: ஹவுஸ் ஓனருக்குக் கடிதம் எழுதும் முறை

நாங்கள் சென்னையில் இரண்டாவது மாடியில் குடியிருந்த வீட்டில் படுக்கையறை சீலிங் ஒழுக ஆரம்பித்தபோது ஓனருக்கு நான்கு முறை போன் செய்தேன். நல்ல மனிதர்தான், ஒவ்வொரு முறையும் "பார்த்துடலாம்பா, ஆளை அனுப்பறேன்" என்பார். ஆள் வரவில்லை, கார்த்திகை வந்துவிட்டது. ஐந்தாவது முறை பேசும்போது "நீங்க இப்பதானே சொல்றீங்க" என்றார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, நிஜமாகவே மறந்திருப்பார். ஆனால் நான் சொன்னதற்கு என்னிடம் எந்தத் தடயமும் இல்லை. அன்று இரவே உட்கார்ந்து எழுதிய முதல் கடிதம் நான்கு பக்கம், முழுக்கக் கோபம். நல்லவேளை, அனுப்பவில்லை.

முதலில், பழுது யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணையில் இதைப் பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது (நீங்கள் உடைத்தது இதில் சேராது), வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் ஓனர் பக்கம். டேப் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை நம் பக்கம். அக்ரிமென்டில் பழுது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்ட அன்று யாரும் படித்திருக்க மாட்டோம். வாஷர் மாற்ற ஓனருக்குக் கடிதம் எழுதினால், நாளைக்கு சீலிங் பற்றி எழுதும்போது அந்தக் கடிதத்துக்கும் மதிப்பிருக்காது.

அடுத்தது போட்டோ. தூரத்திலிருந்து ஒன்று, எந்த அறை, எந்தச் சுவர் என்று தெரியும்படி. கிட்டே ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ டேப்போ வைத்து. ஓதம் பரவிக்கொண்டே போகிற பழுது என்பதால் ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் எவ்வளவு வளர்ந்தது என்று யாரும் வாதாட முடியாது. சுவரில் எழுதினதற்குத் திட்டு வாங்கினால் என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய அதே அச்சுதான், அனுப்புநர், பெறுநர், பொருள். ஒரே பக்கம். உள்ளே நான்கு விஷயம்: எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து, அதனால் என்ன ஆபத்து. காரணம் என்ன என்று மட்டும் நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த நான்கு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்து எழுதி அனுப்பிய கடிதத்தில் நான் "மொட்டை மாடித் தட்டோடு வெடித்துவிட்டதால் ஒழுகுகிறது" என்று மருத்துவர் மாதிரி எழுதினேன். ஓனர் கூட்டிவந்த கொத்தனார் மேலே போய்ப் பார்த்துவிட்டு ஓடு நன்றாக இருக்கிறது என்றார், உடனே பேச்சு "அப்போ பழுதே இல்லை" என்று திரும்பிவிட்டது. கடைசியில் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற பைப்பின் அடியில்தான் விரிசல். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நான் பிறகு அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

*பொருள்: இரண்டாவது மாடி வீட்டின் படுக்கையறைக் கூரை ஒழுகல் – பழுது பார்க்கக் கோருதல்.*

*மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் படுக்கையறையில், ஜன்னலுக்கு மேலே கூரையில் சுமார் இரண்டு அடி அகலத்துக்கு நீர் கசிகிறது. நவம்பர் முதல் வாரத்திலிருந்து இது உள்ளது. பூச்சு பெயர்ந்து விழுகிறது, ஒரு இடத்தில் கம்பி தெரிகிறது. மின்விசிறிப் பக்கம் ஈரம் வருவதால் அந்த அறையில் மின்சாரத்தை அணைத்து வைத்திருக்கிறோம். இதுபற்றித் தங்களிடம் ஐந்து முறை தொலைபேசியில் தெரிவித்திருக்கிறேன். வரும் 15 நாட்களுக்குள் ஆள் அனுப்பிச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு முழுவதும், மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். படங்கள் இணைத்துள்ளேன்.*

அவ்வளவுதான். "விரைவில்" என்று எழுதாதீர்கள், விரைவில் என்பது அடுத்த ஐப்பசியாகவும் இருக்கலாம். கெடு நாள் எண்ணிக்கையில் இருக்கட்டும். சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்கிற மாதிரி விஷயத்துக்குப் பதினைந்து நாள் எல்லாம் கிடையாது, அன்றே போன், கூடவே இரண்டு நாள் கெடுவுடன் எழுத்து. "வாடகை தர மாட்டேன்" என்ற வரி கடிதத்தில் வரவே கூடாது, வாடகையையும் நிறுத்தாதீர்கள். நிறுத்திய அன்றே சீலிங் பேச்சு முடிந்து வாடகை பாக்கிப் பேச்சு தொடங்கிவிடும், அதில் நாம்தான் தோற்போம்.

கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மின்னஞ்சல் இருந்தால் அதிலும். தபாலிலும் ஒன்று போடுவது நல்லது. பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேட்டு, சேர்ந்ததற்கான அத்தாட்சியும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதை கடித நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். ஓனர் பக்கத்திலேயே இருந்தால் கையில் கொடுத்து நகலில் ஒரு கையெழுத்து வாங்கலாம், ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்டாலே "என்ன, கேஸ் போடப் போறீங்களா" என்பார்கள், ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கெடு தாண்டியும் பதில் இல்லையா? இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, நகலை இணைத்து, இந்த முறை ஒரு கொத்தனாரிடம் எழுதி வாங்கிய எஸ்டிமேட்டையும் சேர்த்து, "நாங்களே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதமா" என்று கேளுங்கள். ஓனர் செய்ய மறுத்தால் வாடகைதாரர் பழுது பார்த்து வாடகையில் கழிக்க அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனாலும் எழுத்தில் ஒரு "சரி" வாங்காமல் நான் கை வைக்க மாட்டேன், பில் தொகையில் சண்டை வராத வீடு இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் வாடகை அதிகாரி இருக்கிறார், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அங்கே போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியது இந்த இரண்டு கடிதமும் ரசீதும்தான்.

எனக்கு அது வரை போகவில்லை. ஒன்பதாவது நாள் ஆள் வந்துவிட்டார். வேலை முடிந்ததும் "இன்று சரிசெய்து கொடுத்தீர்கள், நன்றி சார்" என்று புது சீலிங் போட்டோவோடு ஒரு மெசேஜ் போட்டேன். இரண்டு வருடம் கழித்து வீடு காலி செய்தபோது, சீலிங் கறைக்காக அட்வான்ஸில் பிடிக்கப் பார்த்தார்கள், அந்த மெசேஜைத்தான் எடுத்துக் காட்டினேன்.