கார் வராத ஏரிக்கரைப் பாதையில் முதல் சைக்கிள் சுற்று: இங்கிலாந்தில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு

சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் இங்கிலாந்து சாலையில் பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் இறங்கப் பயம் என்று சொல்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது ஒன்றுதான்: ஏரி உள்ள ஒரு கன்ட்ரி பார்க்குக்கு, அதாவது ஊருக்கு வெளியே பொதுமக்களுக்காக அமைத்த இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 1968-ஆம் ஆண்டின் கன்ட்ரிசைட் சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சிகள் ஊர்களுக்குப் பக்கத்திலேயே இத்தகைய பூங்காக்களை அமைக்கத் தொடங்கின. பல இடங்களில் நீர்த்தேக்கத்தை ஒட்டி, சில இடங்களில் மூடிய சுரங்க நிலத்தின் மேல். ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ராதர் வேலி 1983-இல் திறக்கப்பட்டது, அதற்கு முன் அங்கே நிலக்கரி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கார் வராது, சரி. ஆனால் பாதை உங்களுக்கு மட்டும் இல்லை. நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாய்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருபவர்கள், சில இடங்களில் குதிரைகள்கூட வரும். அவர்களோடு சேர்ந்து ஓட்டப் பழகுவதுதான் இதில் பாதி வேலை.

படி 1: எந்த ஏரி?

பெயரைக் கேட்டதும் ரட்லாண்ட் வாட்டர் என்ற பெரிய நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். முழுச் சுற்று சுமார் 23 மைல், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாம்பில்டன் தீபகற்பத்தை விட்டுவிட்டாலும் 17 மைல் வரும். டெர்பிஷையரின் கார்சிங்டன் வாட்டர் 8 மைல் அளவில்தான், ஆனால் ஏற்ற இறக்கம் காலைப் பிழிந்துவிடும். முதல்முறைக்கு என் தேர்வு நார்தாம்டன்ஷையரில் பிரிக்ஸ்வொர்த் கன்ட்ரி பார்க்கிலிருந்து கிளம்பும் பிட்ஸ்ஃபோர்டு வாட்டர் சுற்று. ஏறக்குறைய 7 மைல், கெட்டியான தரை, சின்னச் சின்ன ஏற்றங்கள். நின்று நிதானமாகப் போனாலும் ஒன்றரை மணி நேரம் போதும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஏரிச் சுற்றில் குறுக்கு வழி கிடையாது. களைத்துவிட்டால் நடுவில் வெட்டிக்கொண்டு வர முடியாது, எதிரே தண்ணீர்தான் இருக்கும். அதனால் பாதி தூரம் வருவதற்கு முன்பே, கால் வலிக்கிறதா, குழந்தை சிணுங்குகிறதா, மேகம் கறுக்கிறதா என்று பார்த்துத் திரும்பலாமா என முடிவு செய்துவிட வேண்டும். பாதியைத் தாண்டிவிட்டால் திரும்பி வருவதைவிட முன்னால் போவதுதான் குறைந்த தூரம்.

படி 2: சைக்கிளுக்கு அனுமதி உண்டா?

இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. இங்கிலாந்தில் ஏரியைச் சுற்றி ஒரு பாதை போகிறது என்பதாலேயே அதில் சைக்கிள் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. வழிக்கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு இருந்தால் குதிரைப் பாதை, அதில் சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இதையே பச்சைக் கோடுகளாகப் பார்க்கலாம்: குட்டிக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப் பாதை. இவை தவிர, பூங்காக்காரர்களோ தண்ணீர் நிறுவனமோ தங்கள் நிலத்தில் தாங்களாகவே அனுமதித்திருக்கும் பாதைகளும் உண்டு. அதற்கு நுழைவாயில் பலகையைப் படிப்பதுதான் வழி.

பிட்ஸ்ஃபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கத்தின் குறுக்கே பிரிக்ஸ்வொர்த்திலிருந்து ஹோல்காட்டுக்கு ஒரு சாலை போகிறது. அதற்குத் தெற்கே உள்ள பகுதியைச் சுற்றித்தான் சைக்கிள் பாதை. வடக்கே இருப்பது பறவைகளுக்காக ஒதுக்கிய இயற்கைக் காப்பகம், அங்கே சைக்கிளுக்கு இடமில்லை.

படி 3: சைக்கிளைப் பார்த்துக்கொள்வது

சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று, பிரேக், செயின். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். இங்கிலாந்து சைக்கிள்களில் பொதுவாக வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கானது, சரளையில் அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் சறுக்கிவிடும், இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். சீட் உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்துப் பாருங்கள், கால் நேராக இருந்தால் சரி. மாற்று ட்யூப், சின்னப் பம்ப், தண்ணீர். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். பெல் கண்டிப்பாக வேண்டும்.

படி 4: எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து வரும், திறந்த தண்ணீரின் மேல் அதைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. கரையோரக் காட்டுக்குள் போகும்போது ஒன்றும் தெரியாது, வெளியே வந்து அணைக்கட்டின் மேல் ஏறியதும் ஆளையே தள்ளும். எதிர்காற்று எப்படியும் ஒரு பக்கம் உண்டு, அதைக் கால் தெம்பாக இருக்கும் முதல் பாதியிலேயே தீர்த்துவிடுவது நல்லது. தென்மேற்குக் காற்று என்றால் பிட்ஸ்ஃபோர்டில் நான் ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே அணைக்கட்டை நோக்கித்தான் கிளம்புவேன். கிழக்குக் கரை முழுக்கக் காற்று முதுகில் இருக்கும். கடைசியில் குறுக்குச் சாலையோரம் மேற்கே திரும்பும்போது கொஞ்சம் முகத்தில் அடிக்கும், அது சின்னத் துண்டுதான்.

அந்தத் துண்டில் பக்கத்திலேயே கார்கள் ஓடும். குழந்தைகளோடு வந்தால் அங்கே அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

படி 5: மற்றவர்களோடு ஓட்டுவது

பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடின் 63-ஆம் விதி இதைப் பற்றித்தான். நடப்பவர்களையும் குதிரைகளையும் நெருங்கியோ வேகமாகவோ, முக்கியமாகப் பின்னாலிருந்து, கடக்கக் கூடாது. மெதுவாக்கி நிற்கவும் தயாராக இருக்க வேண்டும். முன்னால் போகிறவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம் என்பதையும் அந்த விதியே நினைவுபடுத்துகிறது. அதனால் பெல் அடித்தும் ஒருவர் திரும்பவில்லை என்றால் இன்னும் வேகமாக அடித்துத் தள்ளாதீர்கள், காலை ஊன்றி நில்லுங்கள்.

பெல்லைத் தூரத்திலேயே ஒருமுறை அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆட்கள் பதறி ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள், நடுவில் நாய்க் கயிறு நீண்டு நிற்கும். இழுத்தால் நீளும் அந்த மெல்லிய கயிறுதான் இந்தப் பாதைகளில் எனக்குப் பெரிய பயம், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. நாய் ஒரு ஓரத்திலும் ஆள் மறு ஓரத்திலும் இருந்தால் நடுவில் கயிறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை வந்தால் நல்ல தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஓட்டுபவர் காதில் விழும்படி ஒரு ஹலோ சொல்லுங்கள். குதிரைக்கு இடப்பக்கமாகக் கடக்கக் கூடாது.

படி 6: தரையும் பூச்சியும் தண்ணீரும்

மரப்பலகைப் பாலங்கள் ஈரத்தில் வழுக்கும், அதன் மேல் திருப்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். ஆடுமாடு தாண்டாமல் இருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பித் தடுப்பு வந்தால் நேர்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் வழுக்கும். வசந்தத்திலும் கோடையிலும் கரையில் சின்னப் பூச்சிகள் கூட்டமாக எழும். கடிக்காது, ஆனால் கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் போகும். சாதாரணக் கண்ணாடி ஒன்று போதும். கோடைக் கடைசியில் நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கைப் பலகை பார்த்தால் குழந்தைகளையும் நாயையும் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள், அதன் நச்சு நாயைக் கொன்றுவிடும்.

அப்புறம்?

7 மைல் சுலபமாகத் தோன்றினால், பிரிக்ஸ்வொர்த்திலிருந்தே பிராம்டன் வேலி பாதைக்குப் போய்விடலாம். நார்தாம்டனுக்கும் மார்க்கெட் ஹார்பரோவுக்கும் நடுவில் 1981-இல் மூடிய ரயில் தடம்தான் அது, 14 மைல், ரயிலுக்காகப் போட்டது என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. கெல்மார்ஷ், ஆக்ஸென்டன் என்று இரண்டு சுரங்கப் பாதைகள் வரும், உள்ளே விளக்கு இல்லை, தரையும் ஈரமாக இருக்கும். நல்ல முன்விளக்கு இல்லாமல் நுழையாதீர்கள், வெயில் கண்ணாடி போட்டிருந்தால் வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.