ஜோகன்னஸ்பர்க் வந்ததும் கார் வாங்காதீர்கள்

ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். அப்போது வந்து இறங்கும் நம் ஆட்கள் முதல் வாரத்திலேயே கார் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். காலையில் புல்லெல்லாம் உறைபனி. சென்னையிலிருந்து வந்தவனுக்கு அதைப் பார்த்ததும் பஸ்ஸுக்குக் காத்து நிற்க மனசு வரவில்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டேன்.

வெளிநாட்டவர் வண்டியைத் தம் பெயருக்கு மாற்றத் தனிப் பதிவு எண் வேண்டும். இரண்டு மூன்று முறை அலைந்தால் கிடைத்துவிடும். நான் மாட்டிக்கொண்டது இன்சூரன்ஸில். நம் ஊரில் தேர்ட் பார்ட்டியாவது கட்டாயம் இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை. பெட்ரோல் விலையோடு வரி பிடித்து ஒரு விபத்து நிதி நடத்துகிறார்கள். அது ஆளுக்குக் காயம்பட்டால், உயிர் போனால் மட்டும்தான். நசுங்கிய வண்டிக்கு ஒரு ராண்ட்கூடத் தராது. கடனில் வாங்கியிருந்தால் வங்கி இன்சூரன்ஸ் கேட்டிருக்கும். ரொக்கமாகக் கொடுத்த என்னிடம் விற்றவரும் கேட்கவில்லை, பதிவு செய்த இடத்திலும் கேட்கவில்லை. வண்டியோடு ஏதோ இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், காலை ஏழரை மணி. கண்ணாடியில் பனி, எதிரே முகத்தில் அடிக்கும் வெயில். ரோபோவில் நின்ற காரை இடித்துவிட்டேன். சிக்னலை இங்கே ரோபோ என்பார்கள். அந்த மனிதர் திட்டவில்லை, இன்சூரன்ஸ் விவரம் மட்டும் கேட்டார். இரண்டு மாதச் சம்பளம் போனது. அந்த மாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்பவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

காரை விற்றுவிட்டு சைக்கிள் வாங்கினேன். அலுவலகம் நாலு கிலோமீட்டர்தான். இந்த ஊர்க் குளிரில் மழை கிடையாது, அதனால் சைக்கிளுக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. கையுறை போதும், மதியம் ஸ்வெட்டரே வேண்டாம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதற்கு முன் வீடு சேருங்கள்.

பிரிட்டோரியா போக வேண்டுமா? கௌட்ரெயின் என்ற வேக ரயில் இருக்கிறது. இந்த ஊரின் சாண்ட்டன் பகுதியில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி. பக்கத்து நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். கௌட்ரெயினின் பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், அட்டை வைத்திருங்கள். ரயிலுக்குள் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் போடுவார்கள். ஃபிளாஸ்க்கில் ஃபில்டர் காபி எடுத்துப் போனால் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே குடித்துவிடுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கிறது, கார் இல்லாமல் முடியாது என்றால், சரி, வாங்குங்கள். ஆனால் இன்சூரன்ஸ் தாள் கைக்கு வந்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.