பூட்டிய மனநலப் பிரிவில் உளவியலாளராக வேலை செய்வது எப்படி

குற்ற வழக்கில் சிக்கி, மனநோய் காரணமாகக் காவலுள்ள மருத்துவமனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களுடன் வேலை செய்யத் தொடங்கும் உளவியலாளர்களுக்காக இதை எழுதுகிறோம். எல்லா வேலைக்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதியதைப் படித்து, இரவு ஷிப்ட் நர்ஸ் அன்றிரவு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்ள முடிகிறதா?

உள்ளே போகும் முன்

செல்போன், ஸ்மார்ட் வாட்ச், லைட்டர் எல்லாம் வெளி லாக்கரில் இருக்கட்டும். சாவிக்கொத்தை இடுப்புப் பெல்ட்டின் சங்கிலியில் மாட்டி, உறைக்குள் வையுங்கள். மேசைமேல் வைக்கக் கூடாது, கையில் சுழற்றவும் கூடாது. சாவியின் பல் வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளக்கூடியவர்கள் உண்டு. பூட்டிய பிறகு கதவை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரட்டைக் கதவுகளில் முதல் கதவு மூடிய பிறகே அடுத்தது திறக்கும். உங்களை ஒட்டி யாரும் நுழைந்துவிடாமல் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு அலாரத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் சோதியுங்கள். சாவி தவறுதலாக வீட்டுக்கு வந்துவிட்டால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே தெரிவியுங்கள். சாவி கைமாறியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் பூட்டுகளையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு அமர்வுக்கும் முன் நோயாளியைப் பற்றிப் பொறுப்பு நர்ஸிடம் மூன்று கேள்விகள்: நேற்று தூங்கினாரா, மருந்து எடுத்தாரா, காலையிலிருந்து கெட்ட செய்தியோ சண்டையோ உண்டா? பதில் சரியில்லை என்றால் அமர்வைத் தள்ளிவையுங்கள். காரணத்தை அவரிடமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ரத்து செய்வதுதான் கோபத்தைக் கிளப்பும்.

அறையில் உங்கள் நாற்காலி கதவுக்கு அருகே இருக்கட்டும், ஆனால் அவருடைய வழியை மறிக்க வேண்டாம். பயந்துபோனவர் வெளியேற வழி தேடுவார், வழியில் நீங்கள் நின்றால் உங்களைத் தள்ளிக்கொண்டு போவார். நேருக்கு நேர் உட்காராமல் சற்றுக் கோணமாக உட்காருங்கள். எத்தனை பேனா கொண்டுபோனீர்களோ அத்தனையும் திரும்ப வரவேண்டும். எந்த அறையில், எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்பது நர்ஸ் அறைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பு

பழைய ரிப்போர்ட்டின் சுருக்கத்தை நம்பி இறங்காதீர்கள். சாட்சி வாக்குமூலம், நீதிமன்ற ஆவணம், முதல் அனுமதிக் குறிப்பு என மூல ஆவணங்களைத் தேடிப் படியுங்கள். முதல் ரிப்போர்ட்டில் "கத்தி வைத்திருந்தார்" என்று இருந்தது, நகலெடுத்து நகலெடுத்து மூன்றாவதில் "கத்தியால் தாக்கினார்" ஆகிவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரு மனிதர் செய்யாத செயலுக்கும் சேர்த்து உள்ளே இருப்பார். இதைத் திருத்துவது உங்கள் வேலைதான்.

ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: தேதி, வாழ்க்கையில் நடந்தது, அப்போதைய மனநிலையும் மருந்தும் போதையும். ஒவ்வொரு வன்முறைக்கும் முந்தைய வாரங்களில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பில், அவர் பேசத் தொடங்கும் முன்பே, எது குழுவுக்குள் பகிரப்படும், எது நீதிமன்றம் வரை போகலாம் என்று விளக்குங்கள். புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

குற்றச் சம்பவத்தைப் பற்றிக் கேட்க அவசரம் வேண்டாம். கேட்கும்போது "ஏன் செய்தீர்கள்?" என்று தொடங்காமல், முந்தைய நாளிலிருந்து மணிக்கணக்கில் வாருங்கள்: தூக்கம், சாப்பாடு, யாரைப் பார்த்தார், என்ன நினைத்தார். குரல் கேட்டதா, அது கட்டளையிட்டதா, யாருடைய குரல் என்று நம்பினார், முன்பு கீழ்ப்படியாதபோது என்ன ஆனது என்று தனித்தனியாகக் கேளுங்கள். மனநோய் உள்ளவர் செய்த வன்முறை எல்லாமே மனநோயால் வந்ததல்ல. அடியில் பொறாமையோ பணத்தகராறோ இருந்தால், குரல் அடங்கிய பிறகும் ஆபத்து அப்படியே இருக்கும்.

ஆபத்தை மதிப்பிடுவது

ஒருவர் இனி வன்முறையில் இறங்கும் ஆபத்தை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் கருவி எச்.சி.ஆர்-20 (HCR-20). அதன் மூன்றாம் பதிப்பு 2013-இல் வந்தது. கடந்த காலம் பற்றி 10, இப்போதைய நிலை பற்றி 5, வரப்போகும் சூழல் பற்றி 5 என 20 காரணிகள். ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு படி; இந்த மனிதரின் வன்முறையில் அதற்குப் பங்கு உண்டா என்று பார்ப்பது அடுத்த படி. இரண்டாவதைத் தவிர்த்துவிட்டு எண்களைக் கூட்டி மொத்தம் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கடந்த காலத்தின் 10 காரணிகள் பெரும்பாலும் மாறாதவை. அவற்றிலேயே நின்றுவிட்டால் யாருக்கும் விடுதலை கிடைக்காது. மற்ற 10-ஐ நிலைமை மாறும்போதெல்லாம் மறுபடி பாருங்கள், மாறாவிட்டாலும் ஆறு மாதம் தாண்ட விடாதீர்கள்.

இன்றிரவு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தக் கருவி உதவாது. அதற்கு அடுத்த 24 மணி நேரத்தைக் கணிக்கும் டாசா (DASA) என்ற வேறொரு கருவி இருக்கிறது. எரிச்சல், வாய்மொழி மிரட்டல் போன்ற 7 அம்சங்களை நர்ஸ்கள் தினமும் குறிப்பார்கள்.

எழுதும்போது "ஆபத்து அதிகம்" என்று முடித்துவிட்டால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல், சாப்பாட்டை முகர்ந்து பார்க்கத் தொடங்கினால், விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் திரும்புகிறது. அப்போது தட்டு கொண்டுவருபவரைத் தாக்கக்கூடும். அவர் எதிரிலேயே பிரிக்கும் பாக்கெட் உணவு கொடுக்கவும், பின்னாலிருந்து நெருங்க வேண்டாம், அன்றே மருத்துவரை அழைக்கவும்."

வார்டில் இரண்டு வருடம் அமைதியாக இருந்தார் என்பதை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே மதுவும் போதையும் எளிதில் கிடைக்காது, மருந்து நேரத்துக்குக் கையில் வரும், சண்டை பிடித்த உறவுகள் அருகில் இல்லை. அதனால் வெளி அனுமதியைப் படிப்படியாகக் கொடுக்க வேண்டும்: முதலில் வளாகத்துக்குள் ஊழியர் துணையோடு, பிறகு வெளியே துணையோடு, அப்புறம் தனியாக. ஒவ்வொரு படிக்கும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ எழுதிவையுங்கள், திரும்பியதும் ஒப்பிடுங்கள்.

எல்லை

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்ற பேச்சும், ஒரு கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லும் சிறு உதவியும் எல்லோருக்கும் வரும். மரியாதையாக மறுங்கள், அன்றே குழுவுக்குச் சொல்லி, பதிவும் செய்யுங்கள். ஏதோ ஒன்றைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், அதைத்தான் முதலில் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோக வேண்டும்.

நீதிமன்ற ரிப்போர்ட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பார்த்தது, பிறர் சொன்னது, உங்கள் கருத்து மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நீங்களே சிகிச்சை அளிக்கும் நோயாளியைப் பற்றி நிபுணர் கருத்து கேட்டால், முடிந்தவரை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சிகிச்சை அளிப்பவர் நீங்கள்தான் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.