தரவுத்தளச் செயலிக்குக் கருவி தெரிவு செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் நெல் கொள்வனவு செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கமோ, வவுனியா நகரின் ஓர் இரும்புக் கடையோ, முல்லைத்தீவுக் கரையில் இயங்கும் ஒரு கடற்றொழிலாளர் சங்கமோ தன் பேரேட்டைக் கணினிக்கு மாற்ற நினைக்கும்போது, அந்தப் பொறுப்பு பெரும்பாலும் கணினி தெரிந்த யாரோ ஒருவரின் தலையில் விழுகிறது. திரைப் படிவங்களை வரைந்து, அட்டவணைகளோடு இணைத்து, சில நாட்களுக்குள் செயலியைத் தந்துவிடும் விரைவு உருவாக்கக் கருவி ஒன்றை அவர் தேடத் தொடங்குவார். மைக்ரோசொப்ட் அக்சஸ், டெல்பி, லாசரஸ், விசுவல் ஸ்டூடியோ, லிப்ரே ஒபிஸ் பேஸ் என்று தெரிவுகளுக்குப் பஞ்சமில்லை. இவை எல்லாவற்றிலும் முதற் படிவம் விரைவாகவே வந்துவிடும். அந்த விரைவைக் கொண்டே கருவியை மதிப்பிடுவது முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன.

படிவத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரையலாம். அங்கத்தவர்களின் பல வருடக் கடன் நிலுவையை மறுபடி எழுத முடியாது. ஆகவே தரவு எங்கே, எந்த வடிவில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே அதற்கு மேலே திரை வரையும் கருவியைத் தேட வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. கருவியோடு எந்தத் தரவுத்தளம் சேர்ந்து வந்ததோ அதுவே போதுமென்று தொடங்கிவிடுகிறார்கள்.

அக்சஸை எடுத்துக்கொள்வோம். அதை ஏளனமாகப் பேசுவது கணினி படித்தவர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை. ஒரே கணினியில் ஒருவர் பயன்படுத்தும் கணக்குக்கு, அதிலும் அறிக்கைகள் தயாரிப்பதற்கு, அதற்கு ஈடான கருவிகள் குறைவு. ஆனால் அதன் தரவுக் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதையும், ஒரே நேரத்தில் 255 பேர் என்று ஏட்டில் உள்ள எல்லை நடைமுறையில் எட்டக்கூடியதல்ல என்பதையும் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது அது வேலை செய்யும் முறை. பகிரப்பட்ட கோப்பை ஒவ்வொரு கணினியும் வலையமைப்பின் ஊடாகத் தானே திறந்து, தானே எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கணினியில் மின்சாரம் போனால் கோப்பு முழுவதுமே பழுதாகக்கூடும். அறுவடைக் காலத்தில், உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நிற்கும் வேளையில், அத்தகைய பழுதைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருக்காது. போஸ்ட்கிரஸ் அல்லது எஸ்கியூஎல் சேர்வர் போன்ற சேவையக வகைத் தரவுத்தளங்கள், அதாவது எல்லாக் கணினிகளின் சார்பிலும் ஒரே நிரல் கோப்பை எழுதும் வகையினவை, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகே அட்டவணையில் சேர்ப்பதால், மின்சாரம் திரும்பியதும் அவை பெரும்பாலும் தாமாகவே சீராகிக்கொள்ளும். இரண்டாவது கணினி எப்போதாவது வரும் என்ற எண்ணம் இருந்தால், படிவங்களுக்கு அக்சஸையே வைத்துக்கொண்டு தரவை மட்டும் அத்தகைய சேவையகத்தில் வைப்பது நல்ல வழி. எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில், 2022 வெளியீடு வரைக்கும், ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை உண்டு. சங்கக் கணக்கு ஒன்றுக்கு அது தாராளம்.

தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் உறுதியானது, இலவசமானது, நிறுவ வேண்டிய அவசியமும் இல்லாதது. ஆனாலும் பகிர்ந்த கோப்புறையில் அதை வைத்துப் பல கணினிகளிலிருந்து எழுத வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். லிப்ரே ஒபிஸ் பேஸை விரும்புவோர் அதனுள்ளேயே தரவை வைக்காமல் வெளித் தரவுத்தளம் ஒன்றோடு இணைப்பது நல்லது.

அடுத்த தவறு, கற்றுத் தந்தவர் பயன்படுத்தினார் என்பதற்காகக் காலம் முடிந்த கருவியிலேயே புதிய வேலையைத் தொடங்குவது. விசுவல் பேசிக் 6 என்பது 1998 இல் வந்தது. அந்த உருவாக்கக் கருவிக்கான ஆதரவு 2008 இல் நின்றுவிட்டது. விசுவல் பொக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்புக்கான நீடித்த ஆதரவும் 2015 சனவரியில் முடிந்தது. இவற்றில் எழுதிய பழைய செயலிகள் இன்றும் ஓடுகின்றன என்பது உண்மையே. ஓடுகின்ற ஒன்றை உடனே தூக்கி எறியச் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதே பேச்சு. இவற்றை ஒதுக்குவதற்கு நமக்குத் தனியான ஒரு காரணமும் இருக்கிறது, அது தமிழ்.

ஒருங்குறி (யூனிகோட்) வராத பழைய செயலிகள் எழுத்துகளைக் குறிப்பக்கம் எனப்படும் மொழிவாரி எண் பட்டியலைக் கொண்டே அறிந்தன. விண்டோஸில் அத்தகைய செயலிகளுக்குத் தமிழ்க் குறிப்பக்கம் எதுவும் இல்லை. தமிழ் அங்கே ஒருங்குறியாக மட்டுமே வாழ்கிறது. விசுவல் பேசிக் 6 இன் வழமையான திரை உறுப்புகள் (எழுத்துப் பெட்டி, பட்டியல் போன்றவை) ஒருங்குறி அறியாதவை என்பதால், தமிழ்ப் பெயரை இட்டால் கேள்விக்குறிகள் வரும். டெல்பியில் 2009 பதிப்புக்கு முந்தியவற்றிலும் இதே இடர்ப்பாடு உண்டு. இதற்குக் குறுக்கு வழியாகப் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பவையோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். பாமினியில் எகரக் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டப்படுவதால், அகரவரிசைப்படுத்தினால் கெ, செ, பெ எனத் தொடங்கும் பெயர்கள் எல்லாம் ஓரிடத்தில் போய்க் குவியும். எழுத்துரு இல்லாத கணினியில் பெயரேடு வாசிக்கவே முடியாததாகிவிடும்.

ஒருங்குறியை ஏற்கும் கருவியாக இருந்தாலும் சோதனை அத்துடன் முடிவதில்லை. ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பொன்னம்பலம் என்ற பெயரைத் தேடினால் இல்லை என்று வரும். எழுதுநர் அவரை மறுபடி புதிய அங்கத்தவராகப் பதிவார். பதியும்போதே எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி விசுவல் ஸ்டூடியோவோடு பயன்படும் டொட்நெட் நிரலகத்தில் உள்ளது, போஸ்ட்கிரஸில் 13 ஆம் பதிப்பிலிருந்து உள்ளது. வரிசையும் இப்படித்தான். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்ததாக இருப்பதால், குறியெண்படி அடுக்கினால் கந்தன், கனகன், கமலன் என்று வரும். நம் நெடுங்கணக்கின்படி கனகன் கடைசியில் வரவேண்டும். தமிழ் வரிசைமுறையைக் கேட்டுப் பெறும் வசதி போஸ்ட்கிரஸில் 10 ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. எஸ்கியூலைட்டில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பணத்தை இரும மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கும் பழக்கம் சதங்களைத் தின்னும், ஏனெனில் அந்த வகையில் பல தசமப் பின்னங்களைச் சரியாகக் குறிக்க முடியாது. கருவியில் சரியான நாணய வகை இல்லையென்றால் சதக் கணக்கிலேயே முழு எண்ணாக வைக்கவும்.

உரிமத்தை வாசிக்காமல் தொடங்குவதும் பின்னால் கழுத்தை நெரிக்கும். டெல்பியின் இலவசச் சமூகப் பதிப்பைப் பயன்படுத்துபவரின் ஆண்டு வருமானம் 5000 அமெரிக்க டொலரைத் தாண்டக்கூடாது. அதே பாஸ்கல் மொழியில், ஏறத்தாழ அதே முறையில் வேலை செய்யும் லாசரஸுக்கு அந்தத் தடை இல்லை. என் தெரிவு பெரும்பாலும் அதுவாகவே இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப் பாஸ்கல் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்ற கேள்வி எழும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலோ படிக்கும்போது ஒரு மாணவர் எழுதிக் கொடுத்த செயலி, அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன பின்னும் ஓட வேண்டும். மூல நிரலையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் சங்கத்தின் கையில் வாங்கி வைக்காமல் பணத்தைக் கொடுத்து முடிப்பதை எந்த நிருவாகசபையும் ஏற்கக்கூடாது.

அச்சுப்பொறியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இன்னொரு தவறு. புள்ளி அச்சுப்பொறிகளும் சிட்டை அடிக்கும் சிறிய வெப்ப அச்சுப்பொறிகளும் பெரும்பாலும் தம்முள் தமிழ் எழுத்துகளை வைத்திருப்பதில்லை. தமிழ்ச் சிட்டையைப் படமாக வரைந்தே அவற்றுக்கு அனுப்ப வேண்டும். புள்ளி அச்சுப்பொறியில் அது நன்றாகவே மெதுவாகும். எனவே கருவியை உறுதிசெய்யுமுன், சங்கத்திலுள்ள மிகப் பழைய கணினியில், பல போகங்களுக்கு ஈடான போலிப் பதிவுகளை நிரப்பி, தமிழில் ஒரு கொள்வனவுச் சிட்டையை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போது மின்செருகியைப் பிடுங்கி, மறுபடி திறந்து, நிலுவைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு காப்புப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, தரவு முழுவதையும் அந்தக் கருவியின் துணையில்லாமல் வெறும் அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் தவறும் கருவியை, அதன் படிவங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுவது நல்லது.