காத்மாண்டு ஃபுட் டூர்ல நம்மாளுங்க பண்ற சொதப்பல்கள்

காத்மாண்டுல கைடோட ஃபுட் டூர் புக் பண்றவங்க பண்ற முதல் சொதப்பல், ஹோட்டல்ல ஃப்ரீயா குடுக்குற பிரேக்ஃபாஸ்ட்டை ஒரு கட்டு கட்டிட்டு கிளம்புறதுதான். அசன், இந்திரா சவுக்னு பழைய பஜார் பக்கம் சந்து சந்தா நடந்து கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும், இதுல முதல் கடையிலயே ஒரு பிளேட் மோமோவை காலி பண்ணிட்டா மிச்ச கடையில எல்லாம் போட்டோ மட்டும்தான் எடுக்கணும். மோமோ திபெத் பக்கத்துச் சரக்கு, சென்னையிலயே தெருவுக்குத் தெரு கிடைக்குது, விடுங்க.

மெனுல 'பஃப்'னு இருந்தா எருமைக் கறி, பேக்கரி பஃப்ஸ் இல்லங்க. நேபாளத்துல பசுவை வெட்ட சட்டப்படி தடை, ஆனா காத்மாண்டு பள்ளத்தாக்கோட நேவார் மக்கள் சமைக்கிற நேவாரி சமையலே எருமைக் கறியை வச்சுதான் ஓடுது. சைவம்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, முட்டை சாப்பிடுவீங்களா இல்லையான்னும் சேத்து சொல்லுங்க. பாரான்னு உளுந்து மாவை தவால தட்டிப் போடுவாங்க, அதே தவாலதான் கறி பாராவும் வேகும், அங்க போய் நின்னுக்கிட்டு முகம் சுளிச்சா கைடு பாவம் என்ன பண்ணுவாரு.

டூரோட ஹீரோ சமய் பஜி. ஒரு தட்டுல அவல், சோய்லா, கருப்பு சோயா, இஞ்சி, உருளைக்கிழங்குன்னு சுத்தி வச்சுத் தருவாங்க. அவல் ஊறாம மொறுமொறுன்னு இருக்கேன்னு பலபேர் அதை ஒதுக்கிடுறாங்க, தப்பு, சோய்லாவையும் அவலையும் சேத்துதான் வாயில போடணும். சோய்லான்னா சுட்ட கறியைத் துண்டு போட்டு, கடுகெண்ணெயில வெந்தயத்தைக் கருக விட்டு சூடா மேல ஊத்திப் பிசையுறது. நல்லெண்ணெய்க்குப் பழகுன மூக்குக்கு அந்தக் கடுகெண்ணெய் காட்டம் முதல்ல ஒத்துக்காது, மூணாவது வாய்க்கு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

ஐலாவை மெல்லிசா மூக்கு வச்ச பாத்திரத்துல இருந்து உயரமா தூக்கி சின்ன மண் கிண்ணத்துல ஊத்துவாங்க. பாக்க தண்ணி மாதிரி இருக்கும், காய்ச்சி வடிச்ச சாராயம், வெறும் வயித்துல வேணாம்.

யோமரி நம்ம பூரணக் கொழுக்கட்டை ஜாதி, உள்ள 'சாக்கு'ங்கிற வெல்லப்பாகும் எள்ளும் இருக்கும், சூட்டோட நடுவுல கடிச்சா சட்டை காலி. வால் பக்கம் லேசா கடிச்சு ஆற விடுங்க.

அடுத்தவங்க தட்டுல உங்க ஸ்பூனை விடாதீங்க, எச்சில் அங்கயும் எச்சில்தான். ஜுஜு தௌ தயிர் காத்மாண்டு பக்கத்துல இருக்குற பக்தபூர் ஊரோட ஸ்பெஷல், டூர்ல இல்லன்னா தனியா போய் மண் சட்டியில வாங்கி சாப்பிடுங்க, போகும்போது ஐடி கார்டு எடுத்துக்கோங்க, நம்ம ஊர்க்காரங்களுக்கு அங்க நுழைவுக் கட்டணம் கம்மி.